தாத்தா பாட்டியை எண்ணிய சட்டம்

பெர்லினில் பவேரியக் குடியிருப்பு என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் நிறைய வசித்த இடம், ஐன்ஸ்டைன்கூட அங்கேதான் குடியிருந்தார். அந்தத் தெருக்களில் விளக்குக் கம்பங்களில் சின்னப் பலகைகள் தொங்கும். ஒரு பக்கம் ரொட்டி, பூனை, பார்க் பெஞ்சு என்று ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் வருகிற மாதிரி ஒரு படம். திரும்பி வந்து மறுபக்கம் பார்த்தால் ஒரு வரி. ரொட்டிக்குப் பின்னால்: யூதர்கள் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம், ஜூலை 1940. பூனைக்குப் பின்னால்: யூதர்கள் இனி வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது, பிப்ரவரி 1942. மொத்தம் 80 பலகைகள், 1993-ல் நினைவுச்சின்னமாக வைத்தவை. பெரும்பாலானவை நாஜி ஆட்சியில் உண்மையிலேயே போடப்பட்ட உத்தரவுகளின் சுருக்கம்.

யூதப் படுகொலை என்றால் நமக்கு நேராக விஷவாயு அறையும் முள்வேலியும்தான் ஞாபகம் வரும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து அங்கே போய்ச் சேர எட்டு வருஷம் ஆனது. அந்த எட்டு வருஷமும் பெரும்பாலும் ஆபீஸ் வேலை: அரசாணை, படிவம், முத்திரை, பட்டியல். நம்மூரில் வாத்தியார் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் "அவர் ஒரு ஹிட்லர்" என்று சொல்லிவிடுகிறோம், ஏதோ கோபக்காரர் ஒருவர் பெயர் மாதிரி. கோபம் அதில் சின்னப் பகுதிதான். இந்தக் கட்டுரை அந்த ஆபீஸ் பக்கத்தைப் பற்றியது.

முதலில் சொல். ஆங்கிலத்தில் ஆன்டிசெமிட்டிசம். தமிழில் யூத எதிர்ப்பு என்றும் எழுதுகிறார்கள், யூத வெறுப்பு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் எதிர்ப்பு என்று சொன்னதுமே எதிர்க்கும்படி அவர்கள் ஏதோ செய்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. செமிட்டிக் என்பது ஹீப்ரு, அரபு, அராமிக் எல்லாம் அடங்கிய மொழிக் குடும்பத்தின் பெயர். "அப்படியானால் அரபுக்காரரும் செமிட்டிக்தானே, அவர் எப்படி ஆன்டிசெமிட் ஆவார்?" என்று மடக்குகிறவர்கள் உண்டு. சொல்லை உடைத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இந்தச் சொல்லை 1879-ல் ஜெர்மனியில் பரப்பியவர் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர், அவர் மனதில் இருந்தது யூதர்கள் மட்டும்தான். அதுவரை ஜெர்மன் மொழியில் "யூத வெறுப்பு" என்றே பச்சையாக ஒரு சொல் இருந்தது. அது தெருச்சண்டை வார்த்தை மாதிரி இருந்திருக்கும் போல. மொழியியலிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்து "இசம்" ஒட்டினால் படித்தவர் வீட்டு வரவேற்பறையிலும் பேசலாம், கட்சிப் பெயரிலும் வைத்துக்கொள்ளலாம். மார் அதைத்தான் செய்தார்.

வெறுப்பு அதற்கு முன்னாலேயே ஆயிரம் வருஷப் பழசு. ஏசுவைக் கொன்றவர்கள் என்ற பழி, தங்கள் பாஸ்கா பண்டிகைக்கு யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தையின் ரத்தம் எடுக்கிறார்கள் என்ற கட்டுக்கதை. 1348, 1349-ல் கொள்ளைநோய் வந்தபோது கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று ஸ்ட்ராஸ்பர்க் போன்ற ஊர்களில் உயிரோடு எரித்தார்கள். இங்கிலாந்து 1290-ல் எல்லோரையும் நாடு கடத்தியது, ஸ்பெயின் 1492-ல். வட்டிக்காரர்கள் என்ற பட்டம் வேறு. பல ஊர்களில் நிலம் வாங்க விடவில்லை, கைத்தொழில் சங்கங்களில் சேர்க்கவில்லை, வட்டிக்குக் கொடுப்பது கிறிஸ்தவனுக்குப் பாவம் என்று திருச்சபை சொன்னது. ஆனால் கடன் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, ராஜாவுக்கு முதலில். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "பார், சன்னல் வழியாக வருகிறான்" என்று திட்டிய கதை இது.

ஆனால் அந்தப் பழைய வெறுப்பில் ஒரு வெளிவாசல் இருந்தது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் அநேகமாகத் தப்பிக்கலாம். (ஸ்பெயினில் மதம் மாறியவர்களிடமும் "ரத்தத் தூய்மை" கேட்டுத் தொல்லை கொடுத்தார்கள், அது தனிக்கதை.) கவிஞர் ஹைன்ரிஷ் ஹைன 1825-ல் ஞானஸ்நானம் பெற்றார், கார்ல் மார்க்ஸின் அப்பா வக்கீல் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள மதம் மாறினார். மார் காலத்து ஆட்கள் அடைத்தது இந்த வாசலைத்தான். யூதன் என்பது மதம் கிடையாது, இனம், அது ரத்தத்தில் இருக்கிறது, தண்ணீர் தெளித்தால் போகாது என்றார்கள். மதத்தை விட்டு வரலாம், பாட்டியை விட்டு எப்படி வருவது?

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பேச்சு கிளம்பியதே யூதர்களுக்குச் சம உரிமை கிடைத்த பிறகு. பிரான்ஸ் 1791-ல் கொடுத்தது, ஜெர்மனி முழுமையாக 1871-ல். தனித் தெருவில் அடைபட்டு இருந்தவரை அவர்களைத் தாழ்வாகப் பார்த்தாலே போதுமாக இருந்தது. பையன்கள் படித்து டாக்டர், பத்திரிகை ஆசிரியர், பேராசிரியர் என்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும்தான் பலருக்குப் புதிய கோட்பாடு தேவைப்பட்டது.

1900 வாக்கில் "யூதர்களுக்குப் பெரிய ஆபத்து எந்த நாட்டில் வரும்?" என்று கேட்டிருந்தால் ஜெர்மனி என்று சொல்லியிருப்பவர்கள் குறைவு. ரஷ்யாவைச் சொல்லியிருப்பார்கள். அங்கே 1881-ல் ஜார் கொல்லப்பட்டதும் ஊர் ஊராக யூதர் வீடுகளைச் சூறையாடினார்கள், 1903-ல் கிஷினேவ் நகரில் 49 பேரைக் கொன்றார்கள். யூதர்கள் உலகையே ஆளத் திட்டம் போட்ட ரகசியக் கூட்டத்தின் குறிப்பு என்று ஒரு போலி ஆவணம் அச்சானதும் ரஷ்யாவில், அதே 1903-ல்தான். அது ஒரு பழைய பிரெஞ்சு அரசியல் நையாண்டியிலிருந்து திருடி எழுதியது என்று லண்டன் டைம்ஸ் 1921-லேயே வரிக்கு வரி போட்டு நிரூபித்தது. நூறு வருஷம் ஆகியும் அது இன்னும் ஃபார்வேர்டு ஆகிக்கொண்டிருக்கிறது.

இல்லையென்றால் பிரான்ஸைச் சொல்லியிருப்பார்கள். 1894-ல் ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்று, வேறொருவர் எழுதிய கடிதத்தை வைத்துத் தண்டித்து, தென் அமெரிக்கக் கரையோரம் இருக்கும் பேய்த்தீவுக்கு அனுப்பினார்கள். குற்றவாளி வேறு ஆள் என்று தெரிந்த பிறகும் ராணுவம் மானத்துக்காக மூடி மறைத்தது. நாவலாசிரியர் எமில் ஸோலா 1898-ல் பத்திரிகையில் ஜனாதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதி வழக்கில் மாட்டிக்கொண்டார், நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, 1906-ல் ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அதாவது வெறுப்பு இருந்தது, கூடவே எழுதப் பத்திரிகை இருந்தது, மறுபடி விசாரிக்கக் கோர்ட் இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கு வாருங்கள்.

1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார்கள், 12,000 பேர் செத்தார்கள். போர் நடக்கும்போதே 1916-ல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஏய்க்கிறார்களா என்று ராணுவமே ஒரு தனிக் கணக்கெடுப்பு நடத்தியது, முடிவை வெளியிடவில்லை. போரில் தோற்றதும், முதுகில் குத்தியவர்கள் யூதர்களும் இடதுசாரிகளும் என்று கதை கட்டினார்கள். அப்புறம் பணவீக்கம், 1929 பொருளாதாரச் சரிவு, 1932-ல் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. 1928 தேர்தலில் 2.6 சதவீத ஓட்டு வாங்கிய நாஜிக் கட்சி 1932 ஜூலையில் 37.3 சதவீதம் வாங்கியது. அதே வருஷம் நவம்பரில் அது 33.1-ஆக இறங்கியது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இறங்கிக்கொண்டிருந்த கட்சியின் தலைவரைக் கூப்பிட்டு 1933 ஜனவரி 30 அன்று பிரதமர் பதவி கொடுத்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். ஆளைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பழமைவாதத் தலைவர்கள் போட்ட கணக்கு அது.

அதிலிருந்து 52 நாள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, மறுநாளே அவசரச் சட்டம் போட்டுப் பேச்சுரிமை, கூட்ட உரிமை, காரணமில்லாமல் கைது செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மார்ச் 22 அன்று மியூனிக் பக்கத்தில் டாஹாவ் முகாம் திறந்தது. முதலில் அடைத்தது கம்யூனிஸ்டுகளையும் மற்ற அரசியல் எதிரிகளையும். மார்ச் 23, நாடாளுமன்றமே தன் சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அமைச்சரவைக்கு எழுதிக்கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையில் அல்லது தலைமறைவில், அவைக்குள்ளேயே நாஜிக் குண்டர் படை நின்றுகொண்டிருந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 ஓட்டும் சமூக ஜனநாயகக் கட்சியுடையது. ஜூலையில் வேறு கட்சியே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

ட்ரைஃபஸ் விஷயத்தில் இருந்த பத்திரிகை, கோர்ட், எதிர்க்கட்சி மூன்றும் இங்கே அரை வருஷத்துக்குள் காலி. சர்வாதிகாரம் யூத வெறுப்பை உண்டாக்கவில்லை, அது ஏற்கெனவே இருந்தது. அதற்குக் குறுக்கே நிற்கக் கூடியவர்களை அப்புறப்படுத்தியது, பிறகு அதற்கு ஓர் அலுவலகமும் சம்பளமும் கொடுத்தது.

அலுவலகம் என்றால் முதலில் வரையறை வேண்டும். யார் யூதர்? வெறுப்பவனுக்கு இந்தக் கேள்வியே வராது, குமாஸ்தாவுக்கு வரும். 1933 ஏப்ரல் 7 அன்று அரசுப் பணியிலிருந்து "ஆரியர் அல்லாதவர்களை", அதாவது நடைமுறையில் யூதர்களை, நீக்கச் சட்டம் வந்தது (போரில் சண்டை போட்டவர்களுக்கு மட்டும் அப்போதைக்கு விலக்கு). நாலு நாள் கழித்து விளக்கம் வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும். 1935 செப்டம்பரில் நூரம்பெர்க் சட்டங்கள். யூதர்களுக்கு முழுக் குடியுரிமை கிடையாது, யூதரும் ஜெர்மானியரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, யூதர் வீட்டில் 45 வயதுக்குட்பட்ட ஜெர்மன் பெண் வேலைக்கு இருக்கக் கூடாது. நவம்பரில் அதற்குப் புது வரையறை: தாத்தா பாட்டி நால்வரில் மூன்று அல்லது நான்கு பேர் யூதர் என்றால் நீங்கள் யூதர். இரண்டு பேர் என்றால் கலப்பு, முதல் நிலை. ஒருவர் என்றால் கலப்பு, இரண்டாம் நிலை. ஆனால் இரண்டு பேர் உள்ளவர் யூதரைக் கல்யாணம் செய்திருந்தாலோ யூத மதச் சபையில் உறுப்பினராக இருந்தாலோ முழு யூதராகவே கணக்கு. மாறவே மாறாது என்று சொன்ன "இனம்" கல்யாணத்தால் மாறியது!

இன்னொன்று இதைவிட வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமென்றால். சரி, அந்தத் தாத்தா பாட்டி யூதர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் ஒன்றும் தெரியாது, அது அவர்களுக்கும் தெரியும். அதனால் சட்டமே சொன்னது: அவர் யூத மதச் சபையைச் சேர்ந்தவராக இருந்தால் யூதர். மதம் இல்லை இனம்தான் என்று ஐம்பது வருஷமாகக் கத்திவிட்டு, கடைசியில் மதப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. நாடு முழுக்க ஜனங்கள் சர்ச்சுக்குப் போய் வரிசையில் நின்று, தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு நகல் வாங்கினார்கள். பாதிரியார் அலுவலகங்கள் நகல் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தன. இந்தச் சட்டங்களுக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவர் ஹான்ஸ் குளோப்கே. போருக்குப் பிறகு இவர் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாகப் பத்து வருஷம் இருந்தார்.

1938 மோசமான வருஷம். ஐயாயிரம் மார்க்குக்கு (ஜெர்மன் பணம்) மேல் சொத்துள்ள யூதர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள், ஏப்ரலில். ஆகஸ்டில் பெயர்: அரசு பட்டியலில் உள்ள "யூதப் பெயர்" இல்லாதவர்கள் அடுத்த ஜனவரியிலிருந்து ஆணென்றால் இஸ்ரேல், பெண்ணென்றால் சாரா என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் பாஸ்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் "ஜே", யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. இந்த எழுத்து வந்ததில் சுவிட்சர்லாந்துக்கும் பங்கு உண்டு, வருகிற ஜெர்மானியர்களில் யார் யூத அகதி என்று எல்லையிலேயே தெரிய வேண்டும் என்று அந்த நாடு ஜெர்மனியோடு பேசியதில் முளைத்தது அது. ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள், கணிசமாக இடம் தருகிறேன் என்று சொன்னது டொமினிகன் குடியரசு மட்டும்தான்.

"ஏன் ஓடிப்போகவில்லை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட ஜெர்மன் யூதர்கள் ஓடிப்போனார்கள். போவதற்கு நாட்டைவிட்டுப் போகும் வரி கட்ட வேண்டும், சொத்தில் நாலில் ஒரு பங்கு. மிச்சத்தை வெளியே எடுத்துப்போக முடியாது. கையில் காசில்லாதவருக்கு எந்தத் தூதரகமும் விசா தராது. இளசுகள் போனார்கள், வயதானவர்கள் தங்கினார்கள்.

அதே 1938 நவம்பர் 9 இரவு நாடு முழுக்க யூதக் கோயில்களுக்குத் தீ வைத்தார்கள், ஆயிரத்துக்கும் மேல். சுமார் 7,500 கடைகள் உடைந்தன, 30,000 ஆண்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, நின்றது. பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் உத்தரவு. எனக்கு இதைவிடத் திகைப்பாக இருப்பது மூன்று நாள் கழித்துப் போட்ட கணக்கு. உடைந்ததை யூதர்களே தங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும், அவர்களுக்கு வர வேண்டிய இன்சூரன்ஸ் பணம் அரசுக்கு, அதற்கு மேல் 100 கோடி மார்க் அபராதமும் அவர்கள்மேல்.

போர் தொடங்கியதும் அந்த விளக்குக் கம்பத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ரேடியோவை ஒப்படை, டெலிபோனை வெட்டு, முட்டை கிடையாது, பால் கிடையாது. 1941 செப்டம்பரிலிருந்து ஆறு வயதான குழந்தைமுதல் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும், அதையும் பத்து பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்) கொடுத்து வாங்க வேண்டும்.

கொலை அதற்குள் தொடங்கிவிட்டது. 1941 ஜூனில் சோவியத் யூனியனுக்குள் படை நுழைந்ததும் பின்னாலேயே போன துப்பாக்கிப் படைகள் ஊர் ஊராக யூதர்களைச் சுட்டன. கீவ் நகரத்துக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 பேர். இது அவர்களே மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் உள்ள எண், கடைசி ஒன்றுவரை எண்ணியிருக்கிறார்கள். வாயுவை முதலில் பயன்படுத்தியது ஊனமுற்றவர்கள், மனநோயாளிகள்மேல், ஜெர்மனிக்குள்ளேயே. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் வான்சே ஏரிக்கரை பங்களா ஒன்றில் 15 அதிகாரிகள் கூடி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கொல்வதா வேண்டாமா என்று பேசவில்லை, எந்த இலாகா எதைச் செய்வது என்று பேசினார்கள். 15 பேரில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். குறிப்பில் நாடுவாரியாக ஒரு பட்டியல், மொத்தம் 1 கோடியே 10 லட்சம், அதில் அல்பேனியாவின் 200 பேர்கூட விடுபடவில்லை. 1945-க்குள் அவர்கள் கொன்றது சுமார் 60 லட்சம் யூதர்களை. ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்களிலும் லட்சக்கணக்கில் கொன்றார்கள்.

ஜெர்மனி பிடித்த எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை, அதுதான் இந்த விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம். நெதர்லாந்தில் பழைய யூத வெறுப்பு ஒப்பீட்டளவில் குறைவு, 1941 பிப்ரவரியில் யூதர்களைப் பிடித்ததை எதிர்த்து ஆம்ஸ்டர்டாமில் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. ஆனாலும் அங்கிருந்த 1,40,000 யூதர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகைப் பதிவேடு அவ்வளவு சுத்தம். பதிவு செய்துகொள்ளச் சொன்னதும் பெரும்பாலோர் போய்ப் பதிந்தார்கள், போலி செய்யவே முடியாத அடையாள அட்டையை யாக்கோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி பெருமையோடு வடிவமைத்தார். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஒரு வரைபடம் போட்டுக்கொடுத்தது, ஒரு புள்ளிக்குப் பத்து யூதர். இதைப் புரிந்துகொண்ட சில கலைஞர்கள் 1943 மார்ச்சில் போலீஸ் உடையில் போய்ப் பதிவேட்டு அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். ஒரு பகுதிதான் எரிந்தது, 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

டென்மார்க்கில் 1943 செப்டம்பர் கடைசியில் ஒரு ஜெர்மன் அதிகாரியே, கியோர்க் டுக்விட்ஸ் என்பவர், கைது வரப்போகிறது என்று தகவலைக் கசியவிட்டார். சில வாரத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் சுவீடனுக்குக் கடத்திவிட்டார்கள். பல படகுக்காரர்கள் நல்ல காசும் வாங்கினார்கள். வாங்கட்டும், ஏற்றினார்களே. கடல் குறுகலாக இருந்ததும் ஆள் குறைவாக இருந்ததும் உதவின, உண்மைதான்.

இந்த இரண்டும், அதாவது சர்வாதிகாரமும் யூத வெறுப்பும், எப்போதும் சேர்ந்தேதான் வரும் என்றும் இல்லை. இத்தாலியின் முசோலினி 1922-ல் ஆட்சிக்கு வந்தவர், அவர் கட்சியில் யூதர்களே இருந்தார்கள், 1938-ல்தான் இனச் சட்டம் போட்டார். ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டு ஆஷ்விட்ஸ் கொலை முகாமைத் திறந்துவிட்ட படையின் தலைவர் ஸ்டாலின். அவரே 1952 ஆகஸ்டில் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி) எழுத்தாளர்களையும் அவர்களோடு சேர்ந்தவர்களையும் சுடச் செய்தார். அடுத்த ஜனவரியில் யூத டாக்டர்கள் தலைவர்களுக்கு விஷம் வைக்கிறார்கள் என்று ஒரு வழக்கு ஜோடித்தார். கிணற்றில் விஷம் என்ற பழைய கதைதான், கோட்டு மாட்டிக்கொண்டு வந்தது. மார்ச்சில் அவர் செத்ததால் டாக்டர்கள் பிழைத்தார்கள்.

மறுபடி பெர்லின். நாடு கடத்தும் ரயிலில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 16 பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். சொத்து விவரம். வங்கிக் கணக்கிலிருந்து நாற்காலி, போர்வை, கரண்டிவரை எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரயில்வே கட்டணம் போட்டது: பெரியவருக்குக் கிலோமீட்டருக்கு நாலு பெனிக், மூன்றாம் வகுப்பு, சிறுவர்களுக்கு அரை டிக்கெட், நாலு வயதுக்குக் கீழே இலவசம். நானூறு பேருக்கு மேல் என்றால் கூட்டுப் பயணத் தள்ளுபடி. காவலர்களுக்குத்தான் போக வர டிக்கெட். எல்லை தாண்டியதும் மிச்சமிருந்த நாட்டுரிமையும் போய்விடும், சொத்து தானாக அரசுக்கு என்று 1941 நவம்பரிலேயே சட்டம் போட்டிருந்தார்கள், அதனால் பறித்தோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்குச் சீல் வைத்த பிறகு நிதி அலுவலகத்து ஆள் வந்து, படிவத்தில் உள்ளதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார். பிறகு ஏலம், அக்கம்பக்கத்தார் வந்து வாங்குவார்கள். அந்தக் கோப்புகள் இன்று போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிலவற்றில் கடைசித் தாள் வீட்டுக்காரர் எழுதிய கடிதம்: வீடு சீல் வைத்துக் கிடந்த மாதங்களுக்கு வாடகை வரவில்லை, அலுவலகம் தயவுசெய்து கொடுத்து உதவ வேண்டும்.